பதினேழாம் பெட்டியின் வாசல்

நாப்பத்தொண்ணு. இல்ல, அது ஓரத்து அறை, அதை முன்னமே எண்ணியாச்சு. போச்சு, மறுபடியும் முதல்ல இருந்து. இது மூணாவது தடவை. மரச்சட்டத்துல ஒரு தேனடை, அதுல பத்துக்குப் பத்து நூறு அறை. நேத்துக் காலையில சரியா பத்து மணிக்கு ஒவ்வொரு அறையிலயும் மெல்லிசு ஊசியை இறக்கி, மெழுகு மூடிக்குக் கீழ உறங்கிட்டு இருந்த புழுவை நானே கொன்னேன். இன்னைக்குப் பத்து மணிக்கு, அதுல எத்தனை அறையைத் தேனீக்கள் திறந்து செத்ததை இழுத்து வெளிய போட்டிருக்குன்னு எண்ணணும், அவ்வளவுதான் சோலி. தொண்ணூத்தஞ்சுக்கு மேல காலியாயிருந்தா அது நோய்க்கு எதிர நிக்கிற பெட்டி, அதுல இருந்து ராணி எடுத்து தேனீ வளக்கிற சங்கத்துக்காரங்களுக்குக் குடுக்கலாம். முப்பது வருசமா இதைத்தான் செய்யிறேன். நூறு வரைக்கும் எண்ணத் தெரியாதவளா நான்? நாப்பது தாண்டினதும் தொண்டையில அந்த அரிப்பு ஏறுது, அதான் விசயம். சட்டத்து மேல மூச்சு விடக்கூடாது, மனுச மூச்சு பட்டா ஈக்குப் பிடிக்காது, கொட்டும். மூச்சுக்கே அப்படின்னா இருமலுக்கு எப்படி. முகமூடி போட்டிருக்கேன், ஆனாலும் சட்டத்தைப் பெட்டி மேல சாய்ச்சு வச்சுட்டு நாலு எட்டு தள்ளிப் போயி, ரப்பர் மரத்துல கையை ஊணி நின்னு இருமிட்டுத் திரும்பி வந்தா எந்த வரிசையில விட்டேன்னு மறந்துபோகுது. ஹெப்சி, ஒழுங்கா எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு. பதினோரு மணிக்கு வண்டி வந்துரும்னு பெமிலா சொன்னா. இப்ப பத்தே கால்.

வண்டியில என் தம்பி ஆல்வின் வர்றான். மூணு மாசமா திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு வாடகை ரூம்ல கிடந்தான். அவன் பெண்டாட்டி பெமிலா தன் கிட்னி ஒண்ணை அவனுக்குக் குடுத்தா, அதுவும் என்ன மாதிரி குடுத்தா, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு கிண்ணம் சீனி குடுக்கிற மாதிரி, முகத்துல ஒரு பெரிய காரியம் செஞ்ச களையே இல்லாம. இப்ப அவன் நாளைக்கு ரெண்டு வேளை மாத்திரை திங்கணும், சாகுற வரைக்கும். எதுக்குன்னா, உடம்புல இருக்கிற காவக்காரங்க எல்லாம் அந்தக் கிட்னியைப் பாத்து, இது நம்ம ஆள் இல்லன்னு சொல்லி வெளிய தள்ளப் பாப்பாங்க, அதனால அந்தக் காவக்காரங்களை மயக்கிப் போட்டு வைக்கணும். சின்ன சளி கூட அவனுக்குப் பெரிசு. அதனால நான் மூணு வாரமா வீட்டைக் கழுவினேன். திரைச்சீலையெல்லாம் கழத்தினேன், அவன் ரூமுக்கு வெள்ளையடிக்க ஆளை விட்டா தூசு வரும்னு நானே அடிச்சேன், பூத்தொட்டியெல்லாம் தூக்கி வெளிய வச்சேன். அடிக்கும்போதெல்லாம் இருமிட்டே அடிச்சேன். சுண்ணாம்பு நெடின்னு நினைச்சேன். மூணு வாரம் ஒருத்திக்குச் சுண்ணாம்பு நெடி தொண்டையில நிக்குமா? நிக்காது. பொறவு எதுக்கு அப்படி நினைச்சே? நினைக்க வசதியா இருந்துச்சு, நினைச்சேன். போன வியாழக்கிழமை சும்மா ஒரு வைராக்கியத்துல கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயி சளி டெஸ்டுக்குக் குடுத்தேன். நேத்து சாயங்காலம் ஃபோன் வந்துச்சு. அங்க உள்ள நர்ஸ் சிஸ்டர், சின்னப் பொண்ணு, குரல்லயே தெரியுது. அம்மா பயப்படாதீங்க, டி.பி.தான், ஆறு மாசம் மாத்திரை, கொஞ்ச நாள் மாத்திரை உள்ள போனாலே அடுத்தவங்களுக்குப் பரவுறது குறைஞ்சிரும், நாளைக்கு நேர்ல வாங்கன்னு சொல்லிட்டு, வீட்ல யாரெல்லாம் இருக்காங்கம்மான்னு கேட்டா. சின்னப் பிள்ளைகள், வயசானவங்க, சுகமில்லாதவங்க? நான் சொன்னேன்: இல்ல சிஸ்டர், நான் தனி ஆளு.

முப்பத்தி ரெண்டு, முப்பத்தி மூணு. தனி ஆளு. எவ்வளவு சட்டுன்னு வந்துச்சு வாய்ல. யோசிச்சுச் சொன்னதில்ல, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. அப்ப வீட்ல நான் மட்டும்தான் இருந்தேன், அதனால பொய்யும் இல்லன்னு ராத்திரி முழுக்க எனக்கு நானே வக்கீலா வாதாடினேன். ஜட்ஜும் நான்தான், அப்படியும் கேஸ் நிக்கல. கல்யாணம் ஆகாத அம்பத்தோரு வயசுப் பொம்பிளை, வீடு தம்பி பேர்ல, அடுக்களை தம்பி பெண்டாட்டி கையில. பெமிலா இதுவரைக்கும் ஒரு வார்த்தை முகஞ்சுளிச்சுச் சொன்னதில்ல. இனிமே சொல்லலாம்ல? கிட்னியை அறுத்துக் குடுத்தவ, அதைக் கெடுக்க வந்தவளைப் பாத்து சொல்லலாம்ல? சொன்னா நான் தப்புச் சொல்ல முடியுமா? போன மாசம் முதல் ஞாயித்துக்கிழமை சர்ச்சுல, திருவிருந்துல ஒரே பாத்திரத்துல குடிச்சேனே, எனக்குப் பின்னால நாப்பது பேராவது குடிச்சிருப்பாங்க. பாத்திரத்துல வராது, காத்துலதான் வரும்னு சிஸ்டர் சொன்னா. சரி, ஆனா எல்லாரும் சிஸ்டரா? தெரிஞ்சா அடுத்த ஞாயித்துக்கிழமை என் பெஞ்சுல நான் மட்டும்தான் இருப்பேன். முப்பத்தி மூணு சொன்னேனா, நாலு சொன்னேனா?

புழு செத்தா ஒரு மணம் வரும். நமக்குத் தெரியாது, ஈக்குத் தெரியும். மூடியைக் கடிச்சுத் திறந்து, கண்ணைக் கட்டிட்டு வேலை செய்யிறாப்புல இழுத்து வெளிய போடும். சாகப்போறதையும் போடும், நோய் உள்ளதையும் போடும். எறும்புல இன்னும் மோசம். கூட்டுப்புழு நோய் பிடிச்சு இனி தேறாதுன்னா, அதுவே ஒரு மணத்தை விடும், வந்து என்னை முடிச்சிருங்கன்னு சொல்லுற மாதிரி. மத்தது வந்து கடிச்சு, விசத்தைப் பீய்ச்சி, அதையும் நோயையும் சேத்து முடிச்சிரும். வளந்த எறும்பு அதுக்கும் காத்திருக்காது. சாவு கிட்ட வந்துட்டுன்னா குஞ்சுகளைத் தொடுறதை நிறுத்திட்டு, கூட்டை விட்டு இறங்கி, தனியா எங்கயோ போயி செத்துப்போகும். இதை நான் எத்தனை பயிற்சி வகுப்புல சொல்லியிருக்கேன், எல்லாரும் உச்சு கொட்டுவாங்க, நானும் பெருமையா நிப்பேன், ஏதோ நானே எறும்பைப் பெத்த மாதிரி. இன்னொண்ணும் சொல்லுவேன். சாணியில உக்காருற சாதாரண ஈ இருக்குல்ல, அதுக்கு நோயை எதிர்க்கிற மரபணு நம்ம தேனீயை விட மூணு மடங்கு கிட்ட உண்டு. தேனீக்குக் குறைவு. ஏன்? கோடி வருசமா கூட்டமா வாழ்ந்து, ஒண்ணை ஒண்ணு துடைச்சு, நக்கி, செத்ததைத் தள்ளி, மொத்தப் பெட்டியும் ஒரு உடம்பா ஆனதுனால ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஆயுதம் தேவையில்லாம கழண்டு போச்சு. அப்படித்தான் ரொம்ப வருசம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். எனக்கு அது பிடிச்சும் இருந்துச்சு. குடும்பத்தை நம்பினவன் கையில இருந்த வெட்டுக்கத்தியைக் கீழ வச்சான்னு ஒரு திருப்தி. பொறவுதான் வேற ஆராய்ச்சி வந்துச்சு. கூட்டமே சேராம, மண்ணுல தனியா வளை தோண்டி வாழுற ஈ இனத்தைப் பாத்தா, அதுக்கும் அதே குறைவுதானாம். அப்ப கூட்டம் சேந்ததுனால ஆயுதம் போகல. கூட்டம் சேருறதுக்கு முன்னமே கை காலிதான். அந்த வருசம் எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு, ஏதோ வீட்டுல யாரோ செத்த மாதிரி. இப்ப நினைச்சா அது வேற மாதிரி தெரியுது. வெறுங்கையோட வந்ததுகள். வெறுங்கையோட வந்து ஒண்ணா இருந்து சமாளிச்சதுகள்.

பை கட்டி வச்சிருக்கேன். நாலு சேலை, பைபிள், பல்லு தேய்க்கிற பிரஷ். திட்டம் சுத்தமான திட்டம்: நாகர்கோவில்ல சங்கத்துப் பயிற்சி, ரெண்டு மாசம் அங்கயே தங்கணும்னு சொல்லிட்டு, வண்டி வர்றதுக்கு முன்ன பத்தே முக்கால் பஸ்ல ஏறிரணும். அங்க ஒரு லாட்ஜ் உண்டு, பொம்பிளைகளுக்கு. மாத்திரையை அங்க இருந்தே வாங்கித் தின்னுக்கலாம். யாருக்கும் தெரியவேண்டாம். நோய் கண்ட எறும்பு இறங்கிப் போற மாதிரி நானும் போயிரலாம். ராத்திரி இதை நினைச்சதும் எனக்க மேல எனக்கே ஒரு மதிப்பு வந்துச்சு, உள்ளதைச் சொல்லணும்ல. தியாகம். தம்பியை எடுத்து வளத்த அக்கா, தம்பிக்காகவே இறங்கிப் போறா. காலையில தேத்தண்ணி போடும்போதுதான் பெமிலா இங்க வந்துட்டுப் போன அந்த ஞாயித்துக்கிழமை ஞாபகம் வந்துச்சு, தேத்தண்ணி பொங்கி அடுப்பு அணைஞ்சுபோச்சு. பத்தொம்பது, இருபது. முதல்ல இருந்து எண்ணிட்டு இருக்கேனா?

அந்த ஞாயித்துக்கிழமைக்கு முன்ன அப்பா பெட்டியைச் சொல்லணும். சொல்லவேண்டாம்னாலும் மனசு அங்கதான் போயி நிக்குது, மாடு தொழுவத்துக்குப் போற மாதிரி. தொண்ணூத்தி ரெண்டுல சாக்குப்புழு நோய் வந்துச்சு. புழு மூடிக்குள்ளயே தண்ணிப் பை மாதிரி ஆயி சாகும், இடுக்கியால எடுத்தா பையா வரும். இந்தப் பக்கம் ஊர் ஊரா பெட்டி காலியாச்சு. அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்துக்குள்ள நாப்பது பெட்டி. எனக்குப் பத்தொம்பது வயசு, சங்கத்துல புதுசா சேந்து ஒரு மாசப் பயிற்சி முடிச்சவ, கையில ஒரு நோட்டு. தோட்டத்துல ஒவ்வொரு பெட்டியா பாத்துட்டு வர்றேன். பதினேழாம் பெட்டி வாசல்ல செத்த புழு குவிஞ்சு கிடந்துச்சு, வெள்ளை வெள்ளையா, அவல் கொட்டின மாதிரி. மத்த பெட்டி வாசலெல்லாம் கூட்டித் தெளிச்ச முற்றம் போல சுத்தம். நான் சொன்னேன், அப்பா இதுலதான் நோய் இருக்கு, இதை உடனே எரிக்கணும், இல்லன்னா மத்ததுக்கும் பரவும். அப்பா குனிஞ்சு பெட்டியில காதை வச்சாரு. "பிள்ள, இதுக்குள்ள இன்னும் நல்ல இரைச்சல் கேக்குது." "வாசலைப் பாருங்கப்பா, எத்தனை செத்துக் கிடக்குன்னு." அவரு என்னைப் பாத்தாரு, நோட்டைப் பாத்தாரு. "பிள்ள படிச்சவளாக்கும். சரியாட்டுதான் இருக்கும்." மண்ணெண்ணெய் ஊத்தி எரிச்சோம். உள்ள இருந்து வந்த அந்த இரைச்சல் ஒரு நிமிசம் பெரிசாச்சு, பொறவு நின்னுச்சு. மழை பிடிக்கிறதுக்குள்ள மிச்சம் முப்பத்தொம்பதும் காலி. நாலு வருசம் கழிச்சு ஒரு வகுப்புல ஒரு விஞ்ஞானி சாதாரணமா சொல்லிட்டுப் போனாரு: வாசல்ல செத்த புழு கிடக்குதுன்னா அந்தப் பெட்டி நோயைக் கண்டுபிடிச்சு வெளிய தள்ளுதுன்னு அர்த்தம். வாசல் சுத்தமா இருந்து உள்ள மூடி மூடியா நாறிக் கிடக்கிற பெட்டிதான் தேறாது. நான் அதை நோட்டுல எழுதினேன். எழுத்து கோணிப்போச்சு. நாப்பதுல ஒண்ணு பொழைக்கிற பெட்டி, அதைத் தேடிப் பிடிச்சு நான் எரிச்சேன். அப்பா சாகுற வரைக்கும், அந்த வருசம் நோய் வந்து எல்லாம் போச்சுன்னே சொல்லிட்டு இருந்தாரு. நான் ஒரு நாளும் இல்லப்பான்னு சொல்லல. நல்லா இருந்த மனுசன்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு நினைச்சேன். அதுவும் ஒரு சுண்ணாம்பு நெடிதான்.

இருமல். மரம், கை, நாலு எட்டு. சளியை ஒரு தாள்ல துப்பி மடிச்சு சட்டைப் பையில வச்சேன், எரிக்கணும். ஈ ஒண்ணு புறங்கையில வந்து உக்காந்து என்னைத் தடவிப் பாத்துட்டுப் போச்சு. அந்த ஞாயித்துக்கிழமை. இன்னைக்கு இருபத்தி மூணு நாளு ஆச்சு. பெமிலா அவளோட அம்மாவை ஆல்வினுக்குத் துணைக்கு வச்சுட்டு, துணிமணி எடுக்க ஒரு ராத்திரிக்கு இங்க வந்தா. ஒரே ஒரு ஃபேன்தான் ஓடுச்சு, எனக்க ரூம்ல, அதனால எனக்க கட்டில்லயே படுத்தா. சன்னலைச் சாத்தி வச்சிருந்தோம், கொசு. நான் இருமிட்டே கிடந்தேன். அவ எந்திரிச்சு விளக்கைப் போட்டு விக்ஸ் எடுத்தா. "மைனி, திரும்பிப் படுங்க." "வேண்டாம்டி, நீயே அறுத்துக் கட்டின உடம்பு." "அறுத்தது எனக்க வயித்தையாக்கும், கையை இல்ல." முதுகுல தேச்சா, நெஞ்சுல தேச்சா, ஒரு மணி நேரம் இருக்கும், தேச்சிட்டே கதை சொன்னா, ஆல்வின் அங்க நர்ஸுகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கிறான்னு. எனக்க முகத்துக்கு நேர குனிஞ்சு சிரிச்சா. எறும்புலயும் இது உண்டு, நான் வகுப்புல இதை எப்பவும் விட்டுருவேன். பூஞ்சை ஒட்டின எறும்பை மத்த எறும்பு தள்ளுறது மட்டும் இல்ல, நக்கித் துடைக்கவும் செய்யும். துடைக்கிறப்ப அதுக்கும் கொஞ்சம் ஒட்டும், அந்தக் கொஞ்சத்துல அது நோயை எதிர்க்கப் பழகி நிக்கும். ஆனா பெமிலா எறும்பு இல்ல, ஒரு கிட்னி உள்ள பொம்பிளை. அவளுக்கு ஒட்டியிருந்தா? அன்னைக்கு விடிஞ்சதும் போயி, அதுல இருந்து ஒவ்வொரு நாளும் ஆல்வின் பக்கத்துலதானே படுக்கிறா? நான் நாகர்கோவிலுக்குப் போனா ஆல்வினை விட்டு நான் விலகிருவேன், சரி, அவ? அவளைப் பரிசோதிக்கணும்னு அவளுக்கே தெரியாதே. நான் பையைத் தூக்கிட்டுப் போயிட்டா வாசல் சுத்தமா இருக்கும். கூட்டித் தெளிச்ச முற்றம் போல இருக்கும். உள்ள ஒவ்வொரு மூடியா நாறும். ஆண்டவரே, நான் மறுபடியும் வாசலைப் பாத்துட்டு நிக்கிறேன்.

பத்து முப்பத்தஞ்சு. பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிசம். ஃபோன் அடிச்சுது. பெமிலா. "மைனி, மார்த்தாண்டம் பாலம் கேறியாச்சு. கேட்டைத் தொறந்து வையுங்க. இவிய எறங்கி நடந்துதான் வருவேன்னு பிடிவாதம் பிடிக்காவ." பின்னால அவன் சிரிக்கிற சத்தம், மூணு மாசமா கேக்காத சிரிப்பு. திறந்தாச்சுன்னு சொன்னா போதும், பொறவு பாத்துக்கலாம். பொறவு எப்ப? "பெமிலா, வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லு." "என்ன மைனி?" "நிறுத்தச் சொல்லு முதல்ல. எனக்கு டி.பி. நேத்துத்தான் தெரியும். அன்னைக்கு நீ விக்ஸ் தேச்சப்பவும் இருந்திருக்கு. நீ பாக்கணும். அவனையும் காட்டணும். வீட்டுக்கு வராதீங்க." வண்டி நின்னுச்சு போல, இரைச்சல் அடங்கிச்சு. அவன் கேக்கிறது காதுல விழுது, யாரு அக்காவா, என்னவாம்? பெமிலா சொல்லுறா, ஒண்ணுமில்ல, சும்மா. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. நேத்து சிஸ்டர்கிட்ட எனக்கு வந்த மாதிரியே, சட்டுன்னு வந்த பொய். "பெமிலா, அப்படிச் சொல்லாதே. அவன்கிட்ட ஃபோனைக் குடு."

"அக்கா." "மக்கா, எனக்கு டி.பி. வந்திருக்கு. நீ இங்க வரக்கூடாது. அந்த ரூமுக்கே திரும்பிப் போ, இப்பவே டாக்டர்கிட்ட சொல்லு." நாப்பத்தி நாலு வயசுக்காரன், கணக்கு வாத்தியார், சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சினான். "எனக்கு வீட்டுக்கு வரணும்க்கா. மூணு மாசமா அந்த ரூம் சுவரையே பாத்துட்டுக் கிடந்தேன்." "வரணும் மக்கா. ஆனா இன்னைக்கு வேண்டாம்." "நீ தனியாட்டு என்ன செய்வா?" பதில் சொல்ல வாய் திறந்தேன், இருமல் வந்துருச்சு. ஃபோனை விலக்கல. அடக்கவும் இல்ல. முழுசா இருமினேன், அவன் கேக்கட்டும்னு. "கேட்டியா? இதாக்கும் விசயம். திரும்பிப் போ." பெமிலா ஃபோனை வாங்கினா. குரல் கட்டையா இருந்துச்சு, கோவமா அழுகையான்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. "மைனி, அந்த சிஸ்டருக்க நம்பரை எனக்கு அனுப்புங்க." வச்சிட்டா. இந்த வீட்டுல இனி எனக்கு இடம் உண்டான்னு அவ சொல்லல, நானும் கேக்கல. பயமாத்தான் இருக்கு.

சட்டம் வெயில்லயே நிக்குது, பாவம். கையில எடுத்துத் தள்ளிப் பிடிச்சு எண்ணினேன். இந்தத் தடவை நாப்பத்தொண்ணுல நிக்கல. தொண்ணூத்தி ஏழு. மூணு அறைதான் மூடிக் கிடக்கு, அதுலயும் ஒண்ணோட ஓரத்தைக் கடிக்க ஆரம்பிச்சிருக்கு. சட்டத்தைப் பெட்டியில இறக்கி மூடினேன். வாசல்ல ஒரு ஈ வெள்ளைப் புழு ஒண்ணைப் பின்னால நடந்து பின்னால நடந்து இழுத்துட்டு வருது, அதோட உடம்பை விட அது கனம். பத்தே முக்கால் பஸ் ரோட்டுல ஹார்ன் அடிச்சுட்டுப் போச்சு. நான் முகமூடியைச் சரி பண்ணிட்டு அந்த நம்பருக்கு அடிச்சேன். "சிஸ்டர், நான் ஹெப்சிபாய். நேத்து சாயங்காலம் பேசினீங்க." தாளைப் புரட்டுற சத்தம். "ஆமாம்மா. தனியா இருக்கீங்கன்னு எழுதியிருக்கு. வந்துட்டு இருக்கீங்களா?" "வர்றேன். அதுக்கு முன்ன, அது தப்பு சிஸ்டர், அடிச்சிருங்க. வீட்ல ஆள் இருக்காங்க. ரெண்டு பேர். பேர் சொல்லுறேன், எழுதிக்கங்க."